செல்லுக்குள் துணை போனது யார்?

"ஆ...!"

இருட்டு அறையிலிருந்து கிளம்பிய அலறல் மாடிப்படி வரை கேட்டது.

டி. கல்லுப்பட்டி சாலையில், பருத்திக் காடுகளுக்கு நடுவே நிற்கும் அந்த ஆய்வு மையத்துக்கு அலறல் புதிதல்ல. பல்லி விழுந்தால் அலறுவார்கள். கரண்ட் போனால் அலறுவார்கள். உதவித்தொகை வந்துவிட்டால்கூட நம்ப முடியாமல் அலறுவார்கள்.

ஆனால், இது வேறு மாதிரி!

மைக்ராஸ்கோப்பின் முன்னால் முத்துமீனா உறைந்து போய் உட்கார்ந்திருந்தாள். முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருஷமாய் உயிரை விட்டுக் கொண்டிருப்பவள். கண்கள் லென்ஸில். முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

பிணம் எங்கே என்று தேடாதீர்கள். பிணம் கிடையாது.

லென்ஸுக்குக் கீழே, சின்னத் தட்டு ஒன்றில், பச்சை வெளிச்சம் மின்னிக் கொண்டிருந்தது.

மின்னவே கூடாத தட்டு அது!

செல்போனை எடுத்தாள்.

"மச்சான்... மறுபடியும் மின்னிருச்சு!"

மறுமுனையில் சப்-இன்ஸ்பெக்டர் சூரியபிரகாஷ். அவனியாபுரத்து வாடகை வீட்டில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றிருந்தான். முத்துமீனாவின் அத்தை மகன். ஆராய்ச்சி முடிந்தால்தான் கல்யாணம் என்று அவள் போட்ட நிபந்தனைக்குத் தலையாட்டிவிட்டு, வருஷக்கணக்கில் காத்திருக்கும் தியாகி!

"அழுவாத புள்ள! இப்ப வாரேன்!"

"அழுவல மச்சான். கோவமா இருக்கேன்."

"அப்ப கொஞ்சம் மெதுவா வாரேன்."

மெதுவாக வரவில்லை. பறந்து வந்தான்.

கேன்டீனில் மூலை மேஜை. இரண்டு டீ.

"மொதல்லருந்து சொல்லு. நான் போலீஸ்காரன். எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

முத்துமீனா பெருமூச்சு விட்டாள்.

"செல்லுக்குள்ள ஒரு பட்டறை இருக்கு மச்சான். நம்ம மூளையில சேதி வாங்குற ரிசெப்டாருக்கு வேணுங்கற துண்டுங்க அங்கதான் தயாராகுது. சப்யூனிட்னு சொல்லுவோம். அஞ்சு துண்டு வட்டமா கை கோத்தாத்தான் ஒரு முழு ரிசெப்டார். முழுசா சேந்தாத்தான் செல்லோட வெளிச்சுவருக்குப் போக விடும்."

"சேராட்டி?"

"உள்ளயே ஒடைச்சுப் போட்டுரும்."

"விசாரணையே இல்லாமலா? எங்க டிபார்ட்மென்ட்ட விட மோசமா இருக்கே!"

"கேளுங்க! அந்தத் துண்டுங்க தானாச் சேராது. முறுக்கிக்கிட்டுத் தனித்தனியாத் திரியும். அதுக்குத்தான் சாப்பரோன்னு ஒரு துணைப் புரதம். அது ஒவ்வொரு துண்டையும் புடிச்சு, மடங்க வேண்டிய எடத்துல மடங்க வச்சு, சேர வேண்டிய துண்டுகிட்ட கொண்டு போய் விடும். சேந்ததும் கைய விட்டுரும். வெளிச்சுவர் வரைக்கும் கூடப் போகாது."

"சம்பந்தம் பேசி முடிச்சுட்டு, கல்யாணத்தன்னைக்குப் பந்திக்குக்கூட நிக்காத ஆளு!"

"அதேதான். நான் கண்டுபுடிச்சது அப்படி ஒரு துணைப் புரதம். என் தீசிஸே அதுதான். அது இருந்தா ரிசெப்டார் வெளிச்சுவருக்கு வரும். நான் ஊத்துற சாயம் அதுல ஒட்டிப் பச்சையா மின்னும். அது இல்லாத தட்டு இருட்டா இருக்கணும். இம்புட்டு நாளா இருட்டாத்தான் இருந்துச்சு. இப்ப மூணாவது தடவையா மின்னுது!"

சூரியபிரகாஷின் போலீஸ் மூளை சுறுசுறுப்பானது.

"இதுல என்ன மர்மம்? அந்தத் தட்டுல எவனோ உன் துணைப் புரதத்தக் கலந்துட்டான்!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். சோதிச்சுப் பாத்துட்டேன்... துளி கூட இல்ல மச்சான்!"

"இல்லையா?"

"இல்ல. துண்டுங்க சேந்துருக்கு. ஆனா சேத்து வச்ச ஆளக் காணோம்!"

டீ ஆறிக் கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

"வெள்ளிக்கிழம வைவா. கேள்வி கேட்டுப் பட்டம் குடுக்க சென்னையிலருந்து ரோகிணி மேடம் வாராங்க. அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டு எழுதியிருக்காங்க... துணை இல்லாத தட்டு இருட்டா இருக்குதான்னு இன்னொரு வாட்டி காட்டுன்னு. இது மின்னிக்கிட்டே இருந்தா என் புரதம் தேவையே இல்லன்னு ஆயிரும். இதுவரைக்கும் நான் எடுத்த படமெல்லாம் பொய்யின்னு ஆயிரும்!"

கோபமென்று சொன்னாளே தவிர, உள்ளுக்குள் பயம் அவளைத் தின்று கொண்டிருந்தது.

அப்போது...

"முத்துமீனா!"

இடி மாதிரி ஒரு குரல். பேராசிரியர் அசோக்குமார் வந்து கொண்டிருந்தார். அவளுடைய வழிகாட்டி. கறுப்புச் சட்டை. ஊர் ஊராகப் போய் மூடநம்பிக்கைக்கு எதிராக முழங்குபவர். ஆயுத பூஜையன்று சென்ட்ரிஃபியூஜுக்கு யாரோ சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள் என்பதற்காக மொத்த லேபுக்கும் மெமோ கொடுத்த மகான்!

"திரும்பவும் மின்னுச்சாமே?"

"ஆமா சார்."

"அறிவியல்ல அதிசயம் கிடையாது. ஒண்ணு தப்பு நடந்திருக்கணும்... இல்ல தில்லுமுல்லு நடந்திருக்கணும். வியாழக்கிழமைக்குள்ள இருட்டைக் காட்டு. இல்லாட்டி உன் தீசிஸை நானே திருப்பி வாங்கிருவேன். பொய்ப் படத்துல நான் கையெழுத்துப் போட..."

பேச்சு பாதியில் நின்றது.

அப்போதுதான் அவர் சூரியபிரகாஷைப் பார்த்தார். ஒரு வினாடி முகம் வெளிறியது. தொண்டையைச் செருமிக் கொண்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனார்.

சூரியபிரகாஷ் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"போலீஸக் கண்டா உங்க சார் ஏன் இப்படிப் பம்முறாரு?"

"அவர விடுங்க மச்சான். எனக்கு சித்தார்த் மேலதான் சந்தேகம். என் ஜூனியர். நான் கவுந்தா இந்த ப்ராஜெக்ட் அவன் கைக்குத்தான் போகும். நான் சாப்பிடப் போற நேரமாப் பாத்து என் ரூம் பக்கம் நடமாடுறான்!"

"கேமரா?"

"இருக்கு. ஓடாது."

"எங்க ஸ்டேஷன் மாதிரியே இருக்கு. சரி, நாளைக்கு மத்தியானம் நீ சாப்பிடப் போகாத. ஒளிஞ்சிருந்து புடிக்கிறோம்!"

மறுநாள் மதியம்.

செல் வளர்க்கும் அறைக்கு எதிரே குளிர் அறை. கதவில் சதுரமாய் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ஜோடிக் கண்கள்!

"ஏ புள்ள... இங்க எம்புட்டு டிகிரி?"

"நாலு."

"மதுரையில பொறந்தவன் நாலு டிகிரியில சாகணும்னு தலையெழுத்தா?"

"ஷ்ஷ்!"

காலடிச் சத்தம்.

சித்தார்த்!

இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். பூனை மாதிரி உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான். முத்துமீனாவின் செல் தட்டுகள் வளரும் இன்குபேட்டரை நோக்கி நடந்தான். பாக்கெட்டுக்குள் கையை விட்டான்...

சூரியபிரகாஷ் கதவின் கைப்பிடியைப் பிடித்தான்.

சித்தார்த் செல்போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"செல்லம்... சாப்டியா? நானா? இன்னும் இல்ல. ஏசி ரூம்ல தனியா நிக்கிறேன்... நீ மொதல்ல வை... இல்ல நீ வை..."

சூரியபிரகாஷின் பற்கள் தந்தியடித்தன. பாதி குளிரில், பாதி எரிச்சலில்.

"இவன் மேல கேஸ் போட முடியாதா மச்சான்?"

"சட்டத்துல எடமில்ல புள்ள. இருந்தா நான் போட்டுருவேன்."

ஒரு வழியாகச் செல்லம் போனை வைத்தாள். சித்தார்த் வெளியே போனான்.

அறை காலி.

'விட்டுட்டோமோ' என்று முத்துமீனா நினைத்த நொடியில், மறுபடியும் கதவு திறந்தது.

கறுப்புச் சட்டை!

"சார்!" முத்துமீனாவின் வாயைச் சூரியபிரகாஷ் பொத்தினான்.

பேராசிரியர் அசோக்குமார் இன்குபேட்டரின் முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். இன்குபேட்டரைத் திறந்தார். அடித்தட்டில் ஈரப்பதத்துக்காக வைத்திருக்கும் தண்ணீர்த் தட்டுக்குப் பின்னால் பொட்டலத்தைச் செருகினார்.

பிறகு அவர் செய்ததுதான் பயங்கரம்!

கண்களை மூடினார். கை கூப்பினார். உதடுகள் முணுமுணுத்தன!

முத்துமீனாவுக்குத் தலை சுற்றியது. பேய் வந்து அந்த இடத்தில் நின்றிருந்தால்கூட அவள் இவ்வளவு திகைத்திருக்க மாட்டாள்.

அவர் போனதும் குளிர் அறையிலிருந்து பாய்ந்தாள்.

"வாங்க மச்சான்! கையும் களவுமாப் புடிப்போம்!"

சூரியபிரகாஷ் நகரவில்லை. அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"என்னாச்சு? குளிரா?"

"ஆ... ஆமா. குளிருதான். விட்டுரு புள்ள. பெரிய மனுசன். பாவம்."

"பாவமா? என்னையத் திருடி ரேஞ்சுக்குப் பேசின மனுசன்!"

இன்குபேட்டரைத் திறந்து, தரையோடு தரையாய்க் குனிந்து, தண்ணீர்த் தட்டை வெளியே இழுத்தாள். பின்பக்கம் புதுப் பொட்டலம் ஒன்று. அதற்குக் கீழே, தண்ணீரில் ஊறிப் பிய்ந்து கிடந்த பழைய பொட்டலங்கள்.

புதியதைப் பிரித்தாள்.

திருநீறு. அதற்குள்ளே, பாதி புகைத்து அணைத்த சுருட்டு!

"பிரசாதம் புள்ள," என்றான் சூரியபிரகாஷ் அவசரமாக. "கருப்பனுக்குப் படைச்ச சுருட்டு. எங்க எழுமலைப் பக்கமெல்லாம் இப்படித்தான் திருநீத்தோட மடிச்சுக் குடுப்பாங்க. இதுக்கும் உன் பச்சை லைட்டுக்கும் என்ன சம்பந்தம்? தூக்கிப் போட்டுட்டு மறந்துருவோம்."

"சரிதான் மச்சான். சுருட்டுக்கும் இதுக்கும் என்ன..."

நிறுத்தினாள்.

"சுருட்டு..."

"புள்ள?"

"புகையிலை..."

"ஏ, என்ன ஆச்சு?"

"நிகோடின்!"

அவள் துள்ளிய துள்ளலில் தண்ணீர்த் தட்டு கவிழ்ந்து சூரியபிரகாஷின் பூட்ஸ் நனைந்தது.

"நிகோடின் வந்து ஒக்கார்ற ரிசெப்டார்தான் மச்சான் இது! சிகரெட் குடிக்கிறவங்க மூளையில இது ஏன் கூடுதுன்னு எல்லாரும் படிச்சிருக்கோம். நிகோடின் செல்லுக்குள்ள பட்டறைக்கே நுழைஞ்சுரும். பாதி சேந்து நிக்கிற ரெண்டு துண்டுக்கு நடுவுல போய் ஒக்காந்துகிட்டு, பிரிய விடாமப் புடிச்சுக்கும். துணைப் புரதம் செய்யற வேலையில பாதிய அது செஞ்சிருக்கு! நான் புரதத்தத் தேடினேன். வந்தது புரதமே இல்ல!"

"பொட்டலம் கீழ கெடந்துச்சு. உன் தட்டு மேல இருக்கு. எப்படிப் போச்சு?"

"திருநீறு சாம்பல்தான? அது ஈரமானா, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு மாதிரி, புகையிலையில இருக்குற நிகோடினக் கழட்டி விட்டுரும். உள்ள நம்ம உடம்புச் சூடு. ஆவியாக் கெளம்பி மேல தட்டுல எறங்கிருச்சு!"

சூரியபிரகாஷ் நெற்றியைத் துடைத்தான். நாலு டிகிரியிலிருந்து வந்தவனுக்கு வியர்த்தது ஆச்சரியம்தான்.

"இத... வச்சவருக்கு... தண்டன ஏதும் உண்டா புள்ள?"

"மொதல்ல நிரூபிக்கணும்!"

நேராகச் சித்தார்த்திடம் போனாள்.

"உன் இன்குபேட்டர்ல எனக்கு எடம் வேணும்."

"தாராளமா வச்சுக்கங்கக்கா! மொத தடவ மின்னினப்பவே சொல்லணும்னு நெனச்சேன். நீங்க மொறைச்ச மொறைப்புல பயந்துட்டேன்."

முத்துமீனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சாரிடா. செல்லம் சாப்ட்டாளா?"

சித்தார்த் சிவந்த சிவப்பை அந்த மைக்ராஸ்கோப்பே பார்த்திருக்காது.

புதுத் தட்டுகள். புதுச் சாயம். சுத்தமான இன்குபேட்டர்.

வியாழக்கிழமை மாலை, இருட்டு அறையில் முத்துமீனா, சித்தார்த், சூரியபிரகாஷ் மூவரும் மூச்சைப் பிடித்துக் கொண்டு நின்றார்கள்.

துணை இல்லாத தட்டு... இருட்டு!

நிகோடினை அளந்து விட்ட தட்டு... மங்கலான பச்சை!

அவளுடைய துணைப் புரதம் உள்ள தட்டு... கண் கூசும் பச்சை!

முத்துமீனா இந்த முறையும் அலறினாள். மாடிப்படியில் போனவர்கள் உதவித்தொகை வந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள்.

படத்தோடு போனவள் அரை மணி கழித்துத் திரும்பி வந்தாள்.

"சார்கிட்டப் படத்தக் காட்டிட்டேன் மச்சான். இருட்டப் பாத்ததும் அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. காரணத்த மட்டும் இன்னும் சொல்லல."

"சொல்லவே சொல்லாத புள்ள! வயசான மனுசன். மன்னிச்சு விட்டுரு!"

"குத்தவாளிக்கு இம்புட்டு வக்காலத்து வாங்குற போலீஸ இப்பத்தான் பாக்குறேன். நானாச் சொல்ல மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை.

கருத்தரங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. பொது வைவா. யார் வேண்டுமானாலும் வரலாம். முடிந்ததும் சமோசா உண்டு என்பதால் யார் வேண்டுமானாலும் வந்திருந்தார்கள்.

முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்த டாக்டர் ரோகிணி. பக்கத்தில் அசோக்குமார். கடைசி வரிசையில், கதவோரமாக, சூரியபிரகாஷ்.

முத்துமீனா கடைசிப் படத்தைத் திரையில் போட்டாள். இருட்டு. மங்கல் பச்சை. பளீர் பச்சை.

ரோகிணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொண்டார்.

"அருமை! நான் கேட்டது ஒரு தட்டு. நீங்க இன்னொண்ணும் சேர்த்துக் காட்டிட்டீங்க. துணைப் புரதம் முழு வேலை, நிகோடின் பாதி வேலை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு எப்படித் தோணுச்சு?"

அசோக்குமார் ஆவலாய் நிமிர்ந்தார். அவருக்கே தெரியாதே!

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மெதுவாய்க் கிரீச்சிட்டது.

"என் இன்குபேட்டருக்குள்ள புகையிலை கெடந்துச்சு மேடம். சுருட்டு. திருநீத்தோட சேர்த்து ஒரு பொட்டலத்துல."

"சுருட்டா? லேபுக்குள்ளயா? யார் வச்சது?"

முத்துமீனா தரையைப் பார்த்தாள். ஐந்து வருஷமாய்த் தன்னைத் திட்டித் திட்டி வளர்த்த மனிதரை, இத்தனை பேர் முன்னால் காட்டிக் கொடுக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"நான்தான்!"

அசோக்குமார் எழுந்து நின்றிருந்தார்.

"நான்தாம்மா வச்சேன். உள்ள சுருட்டு இருக்குன்னு சத்தியமாத் தெரியாது. பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, பிரிக்கல. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறேன். இவ என் கடைசி மாணவி. இவ தோத்துருவாளோன்னு பயம். நானே கெடுத்துட்டு, நானே இவளைச் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்க முத்துமீனா."

முத்துமீனாவின் கண்கள் நிறைந்துவிட்டன. இத்தனை நாளும் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த கோபம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போனது.

ரோகிணி ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"சார்... நீங்களா? நீங்க கோயில் வாசலைக்கூட மிதிக்க மாட்டீங்களே?"

"இப்பவும் மிதிக்கலைங்க. பொட்டலம்தான் வீடு தேடி வந்துச்சு. ஒரு தம்பி வாராவாரம் கொண்டு வந்து குடுத்தாரு. யூனிஃபார்ம்ல வந்து நின்னாரா... வேண்டாம்னு சொல்ல முடியல. ரெண்டாவது வாரத்துலருந்து நானே வாசல்ல காத்திருக்க ஆரம்பிச்சுட்டேன்."

"யூனிஃபார்மா?" முத்துமீனாவின் தலை மெதுவாக நிமிர்ந்தது.

"அதோ... சமோசாத் தட்டோட வெளிய போறாரே, அவருதான்!"

கூடமே திரும்பிப் பார்த்தது.

கதவில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கையில் தட்டோடு சிலையாய் நின்றான் சப்-இன்ஸ்பெக்டர் சூரியபிரகாஷ்!

"மச்சான்!"

"புள்ள... சீக்கிரமா பாஸாயிருவ, சீக்கிரமா கல்யாணம் நடக்கும்னு... நல்ல எண்ணத்துல..."

"துப்பு துலக்குறேன்னு என்கூடக் குளிருல ஒக்காந்திருந்தீங்களே!"

"ஒக்காந்து பாத்தப்பதான் புள்ள, குத்தவாளி நான்தான்னே எனக்குத் தெரிஞ்சுச்சு!"

கூடம் வெடித்துச் சிரித்தது. சித்தார்த் சிரித்த சிரிப்பில் பக்கத்து நாற்காலியும் சேர்ந்து சாய்ந்தது. முத்துமீனா முறைக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள்.

ரோகிணி மேஜையைத் தட்டினார்.

"அமைதி! டாக்டர் முத்துமீனா... ஆமா, டாக்டர்தான். வாழ்த்துகள்! அந்த நிகோடின் தட்டைத் தனியா ஒரு பேப்பரா எழுதுங்க. புகையிலை எங்கிருந்து வந்துச்சுங்கிறதை மட்டும் ரொம்ப விவரிக்க வேண்டாம்."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

கூட்டம் சமோசாவை நோக்கிப் பாய, அசோக்குமார் மட்டும் நைசாக நழுவிச் சூரியபிரகாஷின் பக்கத்தில் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவன் காதோரம் குனிந்தார்.

"தம்பி... அடுத்த பேப்பருக்குச் சுருட்டுப் பிடிக்காத சாமியாப் பார்த்துச் சொல்லுங்க!"